தோலோடு முடியும் அதிகாரம்

என் கணவர் சுருளிவேல் இறந்தது தோலுக்கு வெளியிலா உள்ளேயா என்று முடிவு செய்ய அரசாங்கத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் காலம் முழுவதும் நானும் என் நாத்தனார் ஜக்கம்மாவும் உத்தமபாளையத்தில், ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில், ஓர் அலுவலகத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேனிப் பராமரிப்புப் பொருள் தர உறுதி வாரியம் என்பது அதன் பெயர். சோப்பு, பவுடர், முகக் கிரீம், தலைச்சாயம் ஆகியவற்றால் பொதுமக்களுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பெயர்ப்பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அந்தப் பலகையைப் படித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அது தெருவைப் பார்த்து மாட்டப்பட்டிருந்தது.

ஜக்கம்மாவின் மகள் திரிஷாவுக்குக் காது குத்து வைத்தார்கள். இரண்டாயிரத்து ஏழு, தை மாதம். எங்கள் ஆட்களில் காது குத்துக்குத் தாய்மாமன்தான் எல்லாம். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது அவர். மொட்டை அடிக்கும்போது முதல் மயிர் விழுவதும் அவர் மடியில்தான். அந்த வருடங்களில் இதோடு இன்னொரு சடங்கும் சேர்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் பேனர் வைப்பார்கள். அதில் பிள்ளையின் முகம் தட்டு அளவுக்கும் தாய்மாமன் முகம் கதவு அளவுக்கும் இருக்கும்.

"ஏண்ணே, பேனர்ல தாய்மாமன்னு போடச் சொல்லவா, தாத்தான்னு போடச் சொல்லவா?" என்று ஜக்கம்மா கேட்டாள். "ஊர்ல கேப்பாகல்ல?"

"போடி. நரைச்ச தலையோட செஞ்சாலும் சீரு சீருதான்" என்றார் அவர்.

சொன்னவர், சாயங்காலம் பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கிய அஞ்சனமயில் கருப்பு மருதாணிப் பொட்டலம் ஒன்றை வாங்கி வந்தார்.

எங்களுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டம் உண்டு. கொடிக்கு மருந்தடிக்கும்போது அவர் மூக்கையும் வாயையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொள்வார். மருந்து பாட்டிலில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அன்றைக்கு என்னைத் தோட்டத்துக்குள்ளேயே விட மாட்டார். காலிப் பாட்டிலைக் குழி தோண்டிப் புதைப்பார். அஞ்சனமயில் பொட்டலத்தில் முக்கோணம் எதுவும் இல்லை. தோகை விரித்த மயில் இருந்தது. நூற்றுக்கு நூறு மூலிகை என்று இருந்தது. அதனால் துண்டு கட்டாமலே தலையில் பூசிக்கொண்டு போட்டோ எடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ கண் இமைகள் வீங்கின. காதுக்குப் பின்னால் ஓயாத அரிப்பு. அதற்குள் பேனர் பஸ் நிறுத்தத்தில் ஏறியிருந்தது. கதவு அளவு முகத்தைக் கம்பம் ரோட்டில் போகிற பஸ்ஸெல்லாம் பார்க்கிறது. கண்ணு படாமல் என்ன செய்யும் என்று ஜக்கம்மா தீர்ப்புச் சொன்னாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். வீக்கம் வடிந்தது. பெயர் மிளகாய்க்குப் போனது. விசேஷத்துக்கு முந்தின நாள், மயிரடியில் வெள்ளை தெரிகிறது என்று அவர் மறுபடியும் பூசினார்.

காலையில் முகத்தில் கண்ணைத் தேட வேண்டியிருந்தது. பிறகு உதடு. பிறகு தொண்டை. கார் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மூச்சு நின்றிருந்தது.

"கருப்பு மருதாணின்னு விக்கிறது மருதாணி இல்லம்மா" என்றார் டாக்டர். "சீக்கிரம் கறுக்கணும்னு ஒரு ரசாயனத்தை அளவு மீறிக் கலக்குறாங்க. சில பேருக்கு அது ஒத்துக்காது. ஒரு தடவை காட்டிக் கொடுக்கும், அடுத்த தடவை ஆளையே கொண்டுபோயிரும். அதுல என்ன இருக்குன்னு சோதிக்கச் சொல்லுங்க."

பேனர் கடைக்காரர் நல்ல மனிதர். காதணி விழா என்ற வரியை எடுத்துவிட்டுக் கண்ணீர் அஞ்சலி என்று போட்டு அன்றைக்கே அடித்துக் கொடுத்தார். படம் அதே படம். கருகருவென்ற முடி. அவரைக் குளிப்பாட்டியவர்கள் காதுக்குப் பின்னால் இருந்த கறையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துப் பார்த்தார்கள். போகவில்லை. அந்தக் கறையோடுதான் அனுப்பினோம்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வரும். பள்ளத்தாக்கில் நரைத்த ஆண்கள் எல்லாரும் ஒரே வாரத்தில் இளமையாகும் காலம் அது. அதற்குள் அந்தப் பொட்டலச் சரங்கள் கடைகளிலிருந்து இறங்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். நஷ்டஈடு கேட்கவில்லை. அதுவே வாரியத்துக்கு எங்கள் மேல் பெரிய சந்தேகத்தை உண்டாக்கியது.

கிளை அலுவலர் பெயர் சங்கரலிங்கம். முழுதும் நரைத்த தலை. மரியாதையான மனிதர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு இறப்புச் சான்றிதழைப் படித்தார்.

"மூச்சுத் திணறல்னு போட்டிருக்கே. மூச்சு எங்கம்மா இருக்கு?"

"எங்கண்ணனுக்கா? இப்ப எங்கனயும் இல்ல" என்றாள் ஜக்கம்மா.

"பொதுவாக் கேக்குறேன். மூச்சு உடம்புக்கு உள்ள இருக்கு. எங்க வாரியத்தோட அதிகாரம் தோலோட முடியுது. தோலுக்கு வெளிய அரிப்பு, தடிப்பு, கொப்புளம், எது வந்தாலும் விட மாட்டோம். உள்ள போயிருச்சுன்னா அது வேற துறை."

"அரிப்புலதான்யா ஆரம்பிச்சுச்சு" என்றேன்.

"அப்ப அன்னைக்கே வந்திருக்கணும். அரிப்போட நின்னிருந்தா இந்நேரம் நடவடிக்கை எடுத்திருப்பேன்." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அரிப்போடு நிற்காமல் போனதற்கு என் கணவர்தான் பொறுப்பு என்பதைச் சொல்லிக் காட்ட அவர் விரும்பவில்லை.

மீதிப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"இது திறந்த பொட்டலம். உள்ள இருக்கறது கம்பெனி போட்டதா, நீங்க போட்டதான்னு நான் எப்படிச் சொல்றது? திறக்காததாக் கொண்டாங்க."

மறுவாரம் திறக்காத பொட்டலம் கொண்டுபோனோம். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் தடவினார்.

"இதைத்தான் உங்க வீட்டுக்காரர் உபயோகிச்சாரா?"

"இதே சாயந்தான்யா."

"இதேன்னா, இந்தப் பொட்டலமா? இது திறக்கவே இல்லையேம்மா. திறக்காத பொட்டலத்தால ஒருத்தர் இறந்தாருன்னு நான் எழுதினா மேல சிரிப்பாங்க."

ஜக்கம்மா எழுந்து நின்றாள். "அப்ப ஒண்ணு செய்றோம்யா. பொட்டலத்தைப் பிரிக்காமத் தலையில தேச்சுச் செத்த ஆளு யாராச்சும் இருந்தாத் தேடிப் பிடிச்சுக் கூட்டியாறோம்."

அவள் கேலி பேசுகிறாள் என்று நான் பயந்தேன். சங்கரலிங்கம் யோசித்தார். "அப்படி ஒருத்தர் கிடைச்சா கேஸ் ரொம்ப ஸ்ட்ராங்" என்றார். பிறகு, திறந்த பொட்டலத்தை ஏற்பதா திறக்காததை ஏற்பதா என்று சென்னைக்கு எழுதிக் கேட்டிருப்பதாகவும் பதில் வரும்வரை பெஞ்சில் உட்காரலாம் என்றும் சொன்னார்.

உட்கார்ந்தோம். சித்திரை வந்தது. வீரபாண்டியில் ராட்டினம் சுற்றியது. தீச்சட்டி எடுத்தவர்கள் தலையெல்லாம் கருகருவென்று இருந்தது. தேர் பார்க்க நான் போகவில்லை. போன ஜக்கம்மா சாமியைப் பார்க்காமல் ஆண்களின் கண் இமைகளைப் பார்த்துக்கொண்டே வந்ததாகச் சொன்னாள்.

ஆடியில் சென்னையிலிருந்து பதில் வந்தது. திறந்ததும் வேண்டாம், திறக்காததும் வேண்டாம். வாரியமே முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும். வாரியத்தின் வணிகர் பிரதிநிதியிடம் எடுக்கலாம். அந்தப் பிரதிநிதி சுரேஷ்கண்ணன். பள்ளத்தாக்கு முழுவதற்கும் அஞ்சனமயில் ஏஜென்சி அவரிடம்தான் இருந்தது. விவரம் தெரிந்த ஆள் குழுவில் வேண்டும் என்பதற்காக அவரைப் போட்டிருந்தார்கள்.

அவர் ஒரு பெரிய அட்டைப்பெட்டி நிறையப் பொட்டலங்களைத் தானே காரில் கொண்டுவந்து இறக்கினார். "எவ்வளவு வேணும்னாலும் சோதிங்க சார். நம்ம சரக்கு மேல எனக்கு நம்பிக்கை இருக்கு" என்றார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "சுருளிவேல் அண்ணன் நம்ம நல்ல கஸ்டமர்மா. இழப்பு எங்களுக்குந்தான்."

பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்து, ஆய்வகத்து வண்டி வரும்வரை சங்கரலிங்கத்தின் பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

வண்டி வரவில்லை. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்ற செய்தி வந்தது. அலுவலகத்துக்கு வெள்ளையடித்தார்கள். மறு திங்கட்கிழமை நாங்கள் போனபோது வாசலில் நின்ற பியூனை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவருக்குத் தலை கறுத்திருந்தது. டைப்பிஸ்ட் அம்மாவின் முன்நெற்றி கறுத்திருந்தது. உள்ளே சங்கரலிங்கம் பத்து வயது குறைந்து உட்கார்ந்திருந்தார். ஜன்னல் ஓரத்து மேஜைவிரிப்பில்கூட ஒரு கறுப்புக் கை பதிந்திருந்தது.

"மதினி, பொட்டியில சரக்கு குறைஞ்சிருக்கும்" என்று ஜக்கம்மா என் காதில் சொன்னாள்.

அவள் அதை மெதுவாகச் சொல்லவில்லை. சங்கரலிங்கம் கோபப்படாமல் ஒரு தாளை எடுத்து வாசித்துக் காட்டினார். "மாதிரிகள் கிளை அலுவலகத்திலேயே நேரடிப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டன. நிறம் சீராகப் பிடிக்கிறது. வாசனை ஏற்கத்தக்கது. பரிசோதனையில் பங்கேற்ற அலுவலர்கள் எவரும் இதுவரை இறக்கவில்லை." படித்துவிட்டு, "ஆய்வகத்துக்கு அனுப்பினா ஒரு குப்பியில ஊத்திப் பாப்பான். நாங்க எங்க தலையையே குடுத்திருக்கோம்மா" என்றார்.

அடுத்து வாரியம் விழிப்புணர்வு நாள் கொண்டாடியது. கல்யாண மண்டபத்தில் மேடை. பின்னால் அஞ்சனமயில் உபயத்தில் பேனர். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சங்கரலிங்கம் பேசினார்.

"நமது கிளை தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு பொருளைக்கூட நாம் தடை செய்ததில்லை. நம் பகுதியில் விற்கும் பொருட்களின் தரத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? வேறு இடங்களில் சோதிக்கிறார்கள், குறை கண்டுபிடிக்கிறார்கள், மக்கள் பீதி அடைகிறார்கள். நாம் அந்தப் பீதியைத் தடுத்திருக்கிறோம். ஒருமுறை கடும் பாதிப்புக்கு உள்ளானவர் யாரும் மறுமுறை வந்து நம்மிடம் புகார் சொன்னதே இல்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டினார்கள். சுரேஷ்கண்ணன் எழுந்து, அழகாக இருப்பது மக்களின் உரிமை, அந்த உரிமைக்காகச் சிலர் சிறு அசௌகரியங்களைத் தாங்கத்தான் வேண்டும் என்றார். பிறகு என்னை மேடைக்கு அழைத்து, விழிப்புணர்வு பெற்ற நுகர்வோர் என்று சொல்லிச் சால்வை போட்டு ஒரு பை கொடுத்தார்கள். பைக்குள் ஒரு சோப்பு, ஒரு பவுடர் டப்பா, ஒரு பொட்டலம். பொட்டலத்தில் மயில் இருந்தது.

பையை வாங்கும்போதுதான் சங்கரலிங்கத்தின் முகத்தைப் பக்கத்தில் பார்த்தேன். இரண்டு இமைகளும் வீங்கியிருந்தன. எனக்கு அந்த வீக்கம் தெரியும். தை மாதத்தில் அதற்கு நான் வெந்நீர் ஒத்தடம் கொடுத்திருக்கிறேன்.

"அய்யா, கண்ணு வீங்கியிருக்கு" என்றேன்.

"விழா வேலைம்மா. தூக்கம் இல்ல."

"காதுக்குப் பின்னால அரிக்குதா?"

அவர் கை அங்கேதான் இருந்தது. சட்டென்று கீழே இறக்கினார். "ஃபேன் காத்து."

"இனிமே அதைத் தொடாதீகய்யா. எங்க வீட்டுக்காரருக்கு மொதல்ல கண்ணுதான். அடுத்த தடவ தொண்டை. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நானே கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டும்மா" என்றார் சங்கரலிங்கம். குரல் தணிந்திருந்தது. "நானே போடலைன்னா ஆடிட்ல என்ன சொல்றது? வெள்ளிக்கிழமை சென்னை ஆளு வர்றாரு. அதுக்கு முன்னாடி ஒரு டச்சப் மட்டும்."

வியாழக்கிழமை காலையில் போனோம். பீரோ திறந்திருந்தது. பெட்டி வெளியே ஸ்டூலின் மேல் இருந்தது. பக்கத்தில் கிண்ணம், பிரஷ். சங்கரலிங்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பியூனுக்காகக் காத்திருந்தார். இமைகள் இன்னும் முழுதாக வடியவில்லை.

"அய்யா, வேணாம்யா" என்றேன்.

"பெஞ்சில உக்காருங்கம்மா. ஆபீஸ் நேரம் இன்னும் ஆரம்பிக்கல."

ஜக்கம்மா உட்காரவில்லை. ஸ்டூலில் இருந்த பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். சங்கரலிங்கம் துண்டோடு பின்னால் ஓடினார். "அது அரசாங்க மாதிரி! அரக்கு முத்திரை போட்டது!" பாலத்தின் நடுவில் நின்று அவள் ஒவ்வொரு பொட்டலமாகப் பல்லால் கடித்துக் கிழித்து ஆற்றில் கொட்டினாள். நான் பக்கத்தில் நின்று பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். என் பையில் இருந்த மயிலையும் கொடுத்தேன். தண்ணீர் கொஞ்சமாகத்தான் ஓடியது. பாலத்துக்குக் கீழே முதலில் பழுப்பாக, பிறகு கறுப்பாக ஒரு நீளமான பட்டை போயிற்று.

"ஏம்மா, உங்களுக்குப் பைத்தியமா?" என்று கத்தினார் சங்கரலிங்கம்.

"நீரு எங்களுக்கு ஒரு துரும்பும் கிள்ளிப் போடல" என்றாள் ஜக்கம்மா. அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஆனா உம்ம பொண்டாட்டி எங்க மதினி மாதிரி அந்தப் பெஞ்சில வந்து உக்காரக் கூடாது. எங்கண்ணனை நாந்தேன் தாத்தான்னு சொன்னேன். உம்மை யாரு சொன்னா?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு ஜீப் இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதில் அலுவலர் உட்பட எல்லாரும் வேகமாகப் போகவும் வரவும் முடியும் என்பதும் தெரிந்தது. ஆற்றுத் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்தார்கள். இவ்வளவு காலமும் வராத ஆய்வகத்து வண்டி அன்று மாலையே வந்தது. குப்பி திறந்ததா திறக்காததா என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்குள் முடிவு வந்து எங்கள் மேல் வழக்குப் பதிவானது. புகாரைச் சங்கரலிங்கமே தம் கையால் எழுதியிருந்தார்: மனிதர், கால்நடை, நீர்வாழ் உயிரினம் ஆகிய அனைத்துக்கும் கேடு விளைவிக்கக்கூடிய நச்சு ரசாயனம் அளவுக்கு மிஞ்சி அடங்கிய அஞ்சனமயில் என்னும் பொருளை, அதன் கொடிய தன்மையை நன்கு அறிந்தே, பொது ஆற்றில் கொட்டியது.

நான் அதை வாசித்தேன். ஜக்கம்மாவுக்காக இன்னொரு முறை சத்தமாக வாசித்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா எழுதியிருக்காரு மதினி" என்றாள்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்கள்.

"முழுசா ஒத்துக்கிறோம் சாமி" என்றாள் ஜக்கம்மா. "அதுல எழுதியிருக்கிற ஒரு எழுத்தையும் விடாம ஒத்துக்கிறோம். எங்களுக்கு ஒரு காப்பி வேணும்."

அபராதத்தைக் கட்டிவிட்டு, முத்திரை போட்ட நகலோடு நேராக வாரியத்துக்குப் போனோம். சங்கரலிங்கம் அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, வேறு யாரோ எழுதியதைப் படிப்பதுபோலப் படித்தார்.

"இதுல விஷம்னு இருக்குல்லய்யா. இனிமே கடையிலேருந்து எறக்கச் சொல்லலாம்ல?" என்றேன்.

"இது ஆத்தைப் பத்தினதும்மா." அவர் நிமிரவில்லை. "ஆத்துக்குத் தோல் கிடையாது. அதனால உள்ளயா வெளியயாங்கிற கேள்வியே அங்க வரல. விஷம்னு தைரியமா எழுத முடிஞ்சது. தலைன்னா தோல் இருக்கு. ஆத்துக்கு ஆகாதது தலைக்கும் ஆகாதுன்னு எந்த விதியிலயும் சொல்லல."

ஜக்கம்மா மேஜையிலிருந்த நகலை எடுத்து நான்காக மடித்தாள்.

"ஆனா ஆத்து விஷயத்துல வாரியம் சும்மா இருக்காது" என்றார் அவர்.

குனிந்திருந்த தலையில் மயிரடி எல்லாம் வெள்ளையாக வளர்ந்திருந்தது. அதற்குப் பிறகு அவர் சாயம் போட்டு நான் பார்த்ததில்லை. போடாதே என்று அவர் வேறு யாருக்கும் சொன்னதாகவும் கேள்விப்படவில்லை. பக்கத்து மேஜையில் டைப்பிஸ்ட் அம்மா காதோரம் சொறிந்துகொண்டே எங்களுக்கு ரசீது அடித்தார்.

அடுத்த சித்திரைக்கு முன்னால் படித்துறையில் பெரிய பலகை வைத்தார்கள். சிவப்பு முக்கோணம் போட்டிருந்தது. எச்சரிக்கை. தலைச்சாயங்களை ஆற்றில் கழுவக் கூடாது. நச்சுத்தன்மை உடையவை. மீன்களுக்கு ஆபத்து. மீறுவோர் தண்டிக்கப்படுவர். இப்படிக்கு, மேனிப் பராமரிப்புப் பொருள் தர உறுதி வாரியம்.

பலகைக்கு எதிரே இருந்த கடையில் மயில்கள் சரமாகத் தொங்கின.

திருவிழா வாரத்தில் ஒரு நாள் நானும் ஜக்கம்மாவும் அந்த வழியாக வந்தோம். எங்கள் தெருப் பையன்களும் பெரியவர்களுமாக ஒரு கூட்டம் பலகையின் நிழலில் உட்கார்ந்திருந்தது. எல்லாத் தலையிலும் கறுப்புக் குழம்பு. காய்ந்தவர்கள் ஆற்றில் இறங்காமல், வாளியில் தண்ணீர் மொண்டு வந்து, கரையைவிட்டுத் தள்ளி மணலில் உட்கார்ந்து கழுவினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அரசாங்கம் சொன்னால் கேட்பவர்கள்.

ஜக்கம்மா அழகரைப் பார்த்துவிட்டாள். என் கணவரோடு தோட்டத்தில் மருந்தடித்தவன்.

"ஏலே அழகரு! கண்ணு தெரியலயாடா ஒனக்கு? இம்புட்டுப் பெருசா எழுதிப் போட்டிருக்கு, மீனுக்கு ஆகாதுன்னு!"

"அதான் அத்தே தள்ளி உக்காந்து கழுவுறோம்" என்றான் அவன். காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டான். "மீனுக்கு ஒண்ணும் ஆகாது. நீ பயப்படாமப் போ."